ஆறு சனிக்கிழமைகள்: ஏடிஹெச்டி பயிற்சியை முதல்முறை நடத்துபவருக்கு

"அடியாத மாடு படியாது" என்று யாராவது ஒருவர் சொல்வார். அவர் ஆசிரியராக இருக்கலாம், பிள்ளையின் தாத்தாவாக இருக்கலாம். முதல் அமர்வு தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் இந்தப் பழமொழி வராத பயிற்சியை நான் இன்னும் நடத்தியதில்லை. வரும்போது பதறாதீர்கள். வாதத்தில் இறங்கினால் அன்றைய பொழுது அதிலேயே கரைந்துவிடும். "அடித்த பிறகு சேட்டை எத்தனை நாள் நின்றது?" என்று மட்டும் கேளுங்கள். "அன்றைக்கு ஒரு நாள்தான்" என்பார். அறையில் சிரிப்பு எழும். அந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரையும் ஆசிரியர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பயிற்சி தர நினைக்கும் தலைமையாசிரியர், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர், பள்ளி ஆலோசகர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை. நான் கோட்டைவிட்ட இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன், நீங்களாவது தப்பிக்கலாம்.

ஆள் சேர்ப்பது

ஆறு பிள்ளைகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து ஒருவர் அல்லது இருவர், பள்ளியிலிருந்து வகுப்பாசிரியர். இப்படிச் சேர்த்தாலே பதினைந்து, பதினெட்டுப் பேர் ஆகிவிடுவார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு நாள், பெற்றோருக்கு ஒரு நாள் என்று பிரித்து நடத்துவது சுலபம். ஆனால் நான் அதை விட்டுவிட்டேன். பள்ளியில் ஒரு முறை, வீட்டில் வேறொரு முறை என்று நடந்தால் பிள்ளை குழம்பும். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் அந்த இடைவெளியில் புகுந்து விளையாடும்.

வீட்டிலிருந்து யார் வர வேண்டும் என்பதைக் கேட்டறியுங்கள். பள்ளி விட்டு வந்ததிலிருந்து இரவு எட்டு மணிவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி என்றால், பாட்டிதான் வர வேண்டும். அம்மா கற்றுக்கொண்டு போய்ப் பாட்டிக்குச் சொல்வது பெரும்பாலும் மாமியார் மருமகள் சண்டையில் முடியும். அப்பாக்கள் வர வேண்டுமானால் நேரத்தை அவர்களிடமே கேளுங்கள். சம்பள நாளான சனிக்கிழமை மாலையில் வைத்து, ஒரே ஓர் அப்பா வந்த கூட்டத்தை நான் நடத்தியிருக்கிறேன். பிறகு காலை எட்டரைக்கு மாற்றினோம். வேலைக்குப் போகும் வழியில் நான்கு பேர் வந்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். மூன்று மாதம் ஆகும். ஒரே நாளில் முடித்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பயிற்சிகளில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருந்தது நினைவிருக்கிறது.

முதல் சனிக்கிழமை: நோய்க்குப் பெயர் வைப்பவர் நாம் இல்லை

என் முதல் பயிற்சிக்கு நாற்பது ஸ்லைடுகள் தயாரித்துக்கொண்டு போனேன். பத்தாவது ஸ்லைடில் பின்வரிசை உறங்கிவிட்டது. இப்போது ஸ்லைடு கிடையாது, ஒரு விளையாட்டுதான். எல்லோர் கையிலும் தாளும் பேனாவும் கொடுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதும்போதே ஒருவர் கைப்பேசியில் பாட்டைப் போடட்டும், இன்னொருவர் காதருகே பஸ் நிறுத்தங்களின் பெயர்களை ஒப்பிக்கட்டும், நீங்கள் நடுவில் "நேராக உட்காருங்கள்" என்று அதட்டுங்கள். இரண்டு நிமிடம் போதும். எண்பத்தாறைத் தாண்டாதவர்கள் இருப்பார்கள். கணக்கு ஆசிரியர் ஒருவரே தடுமாறிவிட்டு, "கவனிக்காமல் இல்லை, எல்லாவற்றையும் கவனித்துவிட்டேன்" என்றார். ஏடிஹெச்டியைப் பற்றி அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

அதன் பிறகு செய்திக்கு வாருங்கள். இது மூளை வளர்ச்சி சார்ந்த நிலை. வளர்ப்பின் குறையாலோ சாக்லேட்டாலோ வருவதில்லை. மரபின் பங்கு பெரிது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளையும், மிகை இயக்கத்துக்கும் முன்யோசனையற்ற செயல்களுக்குமாக ஒன்பது அறிகுறிகளையும் பட்டியலிடுகிறது. பிள்ளைகளுக்கு ஏதேனும் ஒரு தொகுதியில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில தென்பட்டிருக்க வேண்டும். அதோடு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிவையுங்கள். வீட்டில் மட்டும் ஆடுகிற பிள்ளைக்கும், ஒரே ஓர் ஆசிரியரின் வகுப்பில் மட்டும் ஆடுகிற பிள்ளைக்கும் வேறு காரணம் தேட வேண்டும். மருத்துவருக்கே இரண்டு பக்கத்துச் செய்தியும் வேண்டும் என்பதால்தான் இரண்டு தரப்பும் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது.

அன்றே இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிடுங்கள். நம்மில் யாரும் இது ஏடிஹெச்டி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. காதில் சீழ் வடிந்து பாதிதான் கேட்கிற பிள்ளை, பலகை தெரியாத பிள்ளை, இரவு பதினொன்றுவரை கைப்பேசி பார்த்துவிட்டு வருகிற பிள்ளை, சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி உறைந்துபோகும் வகை வலிப்பு உள்ள பிள்ளை என எல்லோருமே "கவனிக்கமாட்டான்" என்ற ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளைக்கு இந்தப் பெயர் அதிகமாகச் சூட்டப்படுகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிப் போடும் வழக்கம் நம் ஊரில் அடியோடு போய்விடவில்லை. பதிவேட்டை நம்பாமல் அம்மாவிடம் உண்மையான வயதைக் கேளுங்கள்.

ஓடியாடுகிற பையன்கள் எளிதில் கண்ணில் படுவார்கள். மூன்றாவது வரிசையில் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளை படமாட்டாள். "சாது, ஆனால் மந்தம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆசிரியர்களிடம் அவளைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

இரண்டாவது சனிக்கிழமை: நாற்பது பக்க நோட்டு

ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடச் சொல்லுங்கள். முன்பு என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு என்ன நடந்தது. இவ்வளவுதான். நடத்தைப் பயிற்சி என்ற பெயரில் உலகெங்கும் சொல்லித்தருவதற்கு அடித்தளமே இந்த மூன்று கட்டங்கள்தான்.

நடுக் கட்டத்தில் கண்ணால் பார்த்தது மட்டுமே இருக்க வேண்டும். "திமிராக நடந்துகொண்டான்" என்பதை அடித்துவிட்டு, "கூப்பிட்டபோது திரும்பவில்லை, இரண்டாம் முறை கூப்பிட்டதும் பென்சிலை எறிந்தான்" என்று எழுதவைக்க வேண்டும். எழுதிப் பழகவே ஒரு வாரம் பிடிக்கும்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், கதிர் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய ஆசிரியையின் நோட்டில் பத்து நாளில் பதினான்கு பதிவுகள். அவற்றில் பதினொன்று, பலகையைப் பார்த்து எழுதும் நேரத்தில் நடந்தவை. மூன்றாவது கட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே "வெளியே நிற்க வைத்தேன்". எழுத முடியாமல் திணறுகிற பிள்ளைக்கு வெளியே நிற்பதைவிடப் பெரிய பரிசு உண்டா? நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே நோட்டைப் பார்த்துவிட்டு, "நான்தான் இவனுக்கு வழி காட்டியிருக்கிறேன்" என்று சிரித்தார். மறுநாளிலிருந்து பலகையில் எழுதுவதில் பாதியை அச்சிட்ட தாளாகக் கொடுத்தார். எழுதுவதில் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கவும் அனுப்பினோம். ஏடிஹெச்டியும் கற்றல் குறைபாடும் பல பிள்ளைகளிடம் கூட்டாகவே வரும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது சனிக்கிழமை: வாயைத் திறக்கும் முன்

கட்டளை கொடுப்பதைப் பழகும் நாள். இருவர் இருவராகப் பிரித்து நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அம்மா பிள்ளையாகவும் ஆசிரியர் அம்மாவாகவும் நடித்தால் அறை களைகட்டும்.

"எத்தனை தடவை சொல்வது, போய்க் குளித்துவிட்டு யூனிபார்ம் போட்டுக்கொண்டு பையை எடுத்து வை, நேற்று மாதிரி டிபன் பாக்ஸை மறந்துவிடாதே" என்று அடுப்பங்கரையிலிருந்தே கத்துவதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. அதில் ஐந்து செய்திகள் இருக்கின்றன. பிள்ளையின் காதில் விழுந்தது "எத்தனை தடவை" மட்டும்தான்.

மாற்று முறை இது. பக்கத்தில் போங்கள். பெயரைச் சொல்லித் தோளைத் தொடுங்கள். கண் உங்கள் பக்கம் திரும்பும்வரை காத்திருங்கள். ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: "இப்போது குளிக்கப் போ." "குளிக்கிறாயா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்று நேர்மையாகப் பதில் வரும். பிறகு ஐந்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள், அதுவரை வாயைத் திறக்காதீர்கள். அந்த ஐந்து விநாடி மௌனம் பெரியவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றுதான் பார்ப்பீர்கள். பிள்ளை நகர்ந்தவுடன், நகர்ந்ததற்காகவே ஒரு வார்த்தை பாராட்டு: "சொன்னவுடன் எழுந்தாயே, நல்லது." குளித்து முடித்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இந்தப் பிள்ளைகளுக்குத் தள்ளிப்போன பரிசு பாதி வலுவை இழந்துவிடும்.

பாராட்டினால் தலைக்கேறிவிடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. பிள்ளையை எதிரில் புகழக் கூடாது, கண்பட்டுவிடும் என்று பாட்டி சொல்வார். நான் அதை எதிர்த்துப் பேசுவதில்லை. "பிள்ளையைப் புகழ வேண்டாம் பாட்டி, அவன் செய்த வேலையைப் புகழுங்கள்" என்பேன். பெரும்பாலும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

வீட்டுப்பாடமாகத் தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்காரச் சொல்லுங்கள். விளையாட்டைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பாடம் கிடையாது, திருத்தம் கிடையாது, கேள்வியும் கிடையாது. பல்லாங்குழியோ பொம்மைக் காரோ எதுவானாலும் சரி. அன்று பிள்ளை எவ்வளவு பெரிய தப்புச் செய்திருந்தாலும் இந்தப் பத்து நிமிடத்தை வெட்டக் கூடாது. மூன்றாம் அமர்வு முடிந்து இரண்டு வாரம் கழித்து வருகிறவர்களிடம் முகமாற்றம் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

கவனத்தை ஈர்க்கச் செய்யும் சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விடும் பயிற்சியையும் அன்றே சொல்லுங்கள். ஓர் எச்சரிக்கையோடு: கண்டுகொள்ளாமல் விட்டால் சேட்டை முதலில் கூடும். பெற்றோர் நான்காம் நாள் மனம் தளர்ந்து கத்திவிட்டால், "இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் கிடைக்கும்" என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். தாங்க முடியாது என்று தோன்றும் சேட்டைக்கு இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம். அடிப்பது, மாடிச் சுவரில் ஏறுவது போன்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நான்காவது சனிக்கிழமை: அட்டை

எல்லாவற்றிலும் நான் அதிகம் நம்புவதும், ஒருமுறை என்னைத் தலைகுனிய வைத்ததும் இதுதான். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே தினமும் போய்வரும் ஒரு சின்ன அட்டை.

உள்ளங்கை அளவு போதும். மேலே தேதி. இடப்பக்கம் இரண்டு அல்லது மூன்று இலக்குகள், வலப்பக்கம் பாடவேளைக்கு ஒரு கட்டம். இலக்கைப் பிள்ளை செய்ய வேண்டிய செயலாக எழுத வேண்டும். "கத்தக் கூடாது" என்று எழுதாமல் "கை தூக்கிவிட்டுப் பேசினான்" என்று எழுதுங்கள். "ஒழுங்காக இருந்தான்" என்பது இலக்கே இல்லை. "மணி அடித்ததும் புத்தகமும் நோட்டும் மேசைமேல் இருந்தன" என்பது இலக்கு.

தொடங்குமுன் ஒரு வாரம் சும்மா எண்ணுங்கள். ஒரு பாடவேளையில் பன்னிரண்டு முறை குறுக்கே பேசுகிறான் என்றால், முதல் வார இலக்கு ஒன்பதுக்குள். பூஜ்ஜியம் என்று வைத்தால் முதல் பத்து நிமிடத்தில் தோற்றுவிடுவான், அதன் பிறகு அன்று முயல அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. நான்கில் மூன்று கட்டங்களாவது முதல் வாரத்தில் கிடைக்கும் அளவுக்கு இலக்கைத் தாழ்வாக வையுங்கள். நன்றாகப் போனால் சிறிது சிறிதாக ஏற்றலாம்.

பரிசை அன்று மாலையே வீட்டில் கொடுக்க வேண்டும். காசு செலவாக வேண்டியதில்லை. அப்பாவோடு வண்டியில் ஒரு சுற்று, இரவு என்ன டிபன் என்று முடிவு செய்யும் உரிமை, கேரம் ஓர் ஆட்டம். பிள்ளையிடமே பட்டியல் கேளுங்கள்.

இனி நான் தலைகுனிந்த கதை. முதல் வருடம் அட்டையில் செய்ததற்கு டிக், செய்யாததற்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி என்று வைத்திருந்தேன். இரண்டாம் வாரம் ஒரு பையன் அட்டையைக் கழிப்பறையில் கிழித்துப் போட்டுவிட்டான். விசாரித்தபோது தெரிந்தது: வீட்டில் சிவப்புக்கு ஓர் அடி. எண்ணி எண்ணி அடித்திருக்கிறார் அப்பா. நான் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பியது, தினசரி அடிவாங்கும் ரசீது. அன்றிலிருந்து அட்டையில் சிவப்பு மை இல்லை. செய்தால் டிக், செய்யாவிட்டால் கட்டம் வெறுமையாகவே இருக்கும். அட்டையைத் தொடங்குமுன் வீட்டுப் பெரியவர்கள் அறையில் எல்லோர் முன்பும் ஒரு வாக்குத் தர வேண்டும்: கட்டம் காலியாக இருந்தால் பரிசு இல்லை, அவ்வளவுதான், திட்டோ அடியோ கிடையாது. வாக்குத் தர மனமில்லாத வீட்டுக்கு அட்டை அனுப்புவதில்லை, பள்ளியளவிலேயே முடித்துக்கொள்வோம். ஆசிரியர்களைப் பொறுத்தவரை இது வாக்கோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

"நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு மட்டும் அட்டை நிரப்ப எனக்கு நேரம் ஏது?" என்று ஆசிரியர் கேட்பார். நியாயமான கேள்விதான். எட்டுப் பாடவேளைக்கும் வேண்டாம், நோட்டில் அதிகத் தொல்லை தெரிந்த இரண்டு பாடவேளைகளுக்கு மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். ஒரு பாடவேளைக்கு அரை நிமிடம் ஆகும். முதல் வரிசையில், கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி இடம். இருபது கணக்குக்குப் பதில் பத்து. நடுவில் சாக்பீஸ் எடுத்துவர, நோட்டுகளை விநியோகிக்க என்று எழுந்து நடக்க ஒரு சாக்கு. இவை நேரம் கேட்காத மாற்றங்கள். இடைவேளையை மட்டும் தண்டனையாகப் பறிக்க வேண்டாம். ஓட வேண்டிய பிள்ளையை உட்காரவைத்தால் அடுத்த பாடவேளையில் அதற்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

ஐந்தாவது சனிக்கிழமை: மருத்துவரைப் பேசவிடுங்கள்

மருந்தைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரையோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையோ ஒரு மணி நேரம் வரச் சொல்லுங்கள். பெற்றோர் கேட்கப்போவது மூன்று கேள்விகள்: பழக்கமாகிவிடுமா, வளர்த்தி நின்றுவிடுமா, ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா. பதில் சொல்லும் தகுதி அவருக்குத்தான்.

ஆசிரியர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவு. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோர் பயிற்சிதான் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட வயதில் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து போகலாம். அமெரிக்காவில் 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் பின்தொடர்ந்து 1999இல் வெளியான ஆய்வில், அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் கவனமாகக் கண்காணித்துத் தந்த மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் தந்ததைவிட முந்தி நின்றது. ஆகவே "பயிற்சி இருக்கும்போது மாத்திரை எதற்கு" என்று பயிற்சியாளர்களாகிய நாம் வீறாப்புப் பேசக் கூடாது.

பரவலாகத் தரப்படும் மெதில்ஃபெனிடேட் மருந்து பசியைக் குறைக்கும், சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். மதியச் சாப்பாடு அப்படியே டிபன் பாக்ஸில் திரும்புகிறதா என்பதை மருத்துவரால் பார்க்க முடியாது, ஆசிரியரால் முடியும். நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றை எழுதிக்கூடத் தர வேண்டியதில்லை, தலைமையாசிரியர் ஒருமுறை கண்டிப்பாகச் சொன்னால் போதும்: "இன்றைக்கு மாத்திரை போடவில்லையா?" என்று வகுப்பின் நடுவே யாரும் கேட்கக் கூடாது.

எங்கே அனுப்புவது என்ற கேள்வியும் அன்று வரும். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் சொன்னால், வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள ஒன்றிய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. மனம் உடைந்துபோய் இரவில் பேச ஆள் தேடும் அம்மாக்களுக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கொடுங்கள், அது அரசின் மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தனியார் மையத்துக்குப் போகிறவர்கள், அங்குள்ள சிறப்புக் கல்வியாளரும் மருத்துவ உளவியலாளரும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர்களா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்கட்டும். கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்குமா என்று கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இடம்பெறவில்லை. படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் திணறும் "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு" இடம்பெற்றிருக்கிறது. பிள்ளைக்கு அதுவும் இருந்தால் சான்றிதழுக்கும், அதன்வழித் தேர்வுச் சலுகைகளுக்கும் முயலலாம். பொய் நம்பிக்கை தராமல் இதை இப்படியே சொல்லிவிடுவது நல்லது.

ஆறாவது சனிக்கிழமை

நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் வாரத்து எண்ணிக்கையையும் கடைசி வாரத்து எண்ணிக்கையையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பன்னிரண்டு ஏழாகியிருந்தால் அது வெற்றிதான். கைதட்டுங்கள். மாறாமல் இருந்தால் முறையைக் குறை சொல்லுமுன் பரிசைப் பாருங்கள். பெரும்பாலும் பரிசு பழசாகியிருக்கும், அல்லது மாலையில் கொடுக்க மறந்திருப்பார்கள்.

பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதவையுங்கள். அம்மாவும் வகுப்பாசிரியரும் சேர்ந்து எழுத வேண்டும். எந்த நேரத்தில் தடுமாறுவான், எந்தச் சொல் அவனை அடக்கும், எந்தச் சொல் வெடிக்க வைக்கும், எதில் கெட்டிக்காரன், எந்த இருக்கை சரிப்படும். கதிரின் பக்கத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: "கையில் சின்னக் கல் ஒன்று வைத்து உருட்டுவான். பிடுங்க வேண்டாம். உருட்டும்போதுதான் கேட்கிறான்."

இந்தப் பக்கம் யாருக்கு என்றால், அடுத்த வருட ஆசிரியருக்கு. வகுப்பு மாறும்போது எல்லாம் புதிதாகத் தொடங்குவதும், ஆகஸ்ட் வரை அடிபட்டுவிட்டுப் பிறகு யாராவது விசாரிப்பதும்தான் இங்கே நடக்கிறது. நகல் ஒன்றை அம்மாவிடமும் ஒன்றைத் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் அந்தத் தாள் புதிய வகுப்பாசிரியரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.